பிள்ளையின் காதைப் பற்றிப் பிள்ளையிடம் கேளுங்கள்

பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் சேலையூர், மேடவாக்கம், அந்தப் பக்கம் பம்மல், முடிச்சூர் என்று குடியிருக்கும் பெற்றோர்களுக்கு,

குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் பாடம் நடத்தியவள் நான். கரும்பலகை அருகே நின்று வகுப்பைப் பார்த்தால் பிள்ளைகளின் காதுகள் பளிச்சென்று தெரியும். நம் பள்ளிகளில் அவற்றை மறைக்க வழி கிடையாது. பையன்களுக்குக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய முடி. பெண் பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி, வழித்து வாரி, மடித்து ரிப்பன் கட்டிய ரெட்டைச் சடை. காது மடல் முன்னே விரிந்து நிற்கிற பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். யானைக்காது, முறக்காது, இப்போதைய பிள்ளைகள் வாயில் டம்போ. சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். சில பிள்ளைகள் முடி வெட்டிய மறுநாள் வயிற்று வலி என்று பள்ளிக்கு வர மாட்டார்கள்.

ஜிஎஸ்டி சாலையில் தோல், முடி, அழகு சிகிச்சைப் பலகைகள் பெருகிய பிறகு, காதைப் பற்றி என்னிடம் பேச வரும் பெற்றோர்களும் பெருகிவிட்டார்கள். “மிஸ், லீவுல ஆபரேஷன் பண்ணிடலாமா?” என்று கேட்பவர்கள் ஒரு வகை. அவர்களில் பலர் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். “ஆம்பளப் பையனுக்குக் காது எப்படி இருந்தா என்ன?” என்பவர்கள் இன்னொரு வகை. அவர்களிடம் பிள்ளை பலமுறை சொல்லியிருக்கும், காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டு வீட்டிலும் விடுபட்டுப் போவது பிள்ளையின் குரல்தான். இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

கைக்குழந்தையாக இருந்தால் முடிவு உங்களுடையது, அதையும் சீக்கிரம் எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையாக இருந்தால், வேண்டும் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். வளர்ந்துவிட்டவர் என்றால் நீங்கள் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். மற்றதெல்லாம் இதன் விவரம்.

கைக்குழந்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது பல வீடுகளில் தெரியாமலே கை நழுவிப் போகிற வாய்ப்பு. தாயின் உடம்பிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன், குழந்தை பிறந்த பின்னும் கொஞ்ச காலம் அதன் உடலில் தங்கியிருக்கும். அந்த நாட்களில் காதின் குருத்தெலும்பு மெழுகைப் போல வளைந்து கொடுக்கும். அப்போது மடலைச் சரியான வடிவத்தில் பிடித்து வைத்தால் அது அப்படியே நிலைத்துவிடும். ஜப்பானைச் சேர்ந்த மட்சுவோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-ல் இதை எழுதி வெளியிட்ட பிறகு உலகின் பல இடங்களிலும் செய்கிறார்கள். வளையும் கம்பியை மெல்லிய குழாய்க்குள் நுழைத்து, காது விளிம்பின் பள்ளத்தில் படிய வைத்து, தோலை உறுத்தாத நாடாவால் ஒட்டிச் சில வாரங்கள் விடுவார்கள். கத்தியும் மயக்க மருந்தும் இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நாள் ஆக ஆகக் குருத்தெலும்பு விறைத்துவிடும்.

நம் வழக்கம் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகளுக்குப் பிறகு அட்டையில் அடுத்த தேதி ஆறாவது வாரம். அதுவரை தாயும் சேயும் அம்மா வீட்டில், வெளிக்காற்று படாமல் இருப்பார்கள். ஒன்றரை மாதத்தில் மருத்துவர் பார்க்கும்போது அந்தக் காதுக்கு இருந்த நல்ல காலத்தின் பெரும்பகுதி போயிருக்கும். ஆகவே பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே குழந்தைகள் மருத்துவரிடம் இரண்டு காதுகளையும் பார்க்கச் சொல்லுங்கள், பின்னாலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். சில மடிப்புகள் தானாகவே விரிந்துவிடும். எது விரியும், எது விரியாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பிறந்தபோது ஒட்டியிருந்த காது சில குழந்தைகளுக்குப் பிறகு முன்னே வருவதும் உண்டு, அதனால் வீட்டிலும் கண் வைத்திருங்கள்.

தலைக்கு ஊற்றும் பாட்டிமார்களையும் இதில் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். எண்ணெய் தேய்த்து மூக்கை நீவிவிடுவதால் மூக்கு எடுப்பாகிவிடாது, அதை விட்டுவிடலாம். ஆனால் ஒருக்களித்துப் படுத்திருக்கும் குழந்தையைப் பார்த்து “காது மடங்கிக் கெடக்கு பாரு” என்று எடுத்துவிடுவார்களே, அந்தப் பார்வை மிகச் சரியான பார்வை. அப்படிக் கண்ணில் பட்டதை அன்றே மகளிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினால் அந்தக் குழந்தைக்குப் பிற்காலத்தில் ஓர் அறுவையே தேவைப்படாமல் போகலாம். வீட்டிலேயே பிளாஸ்டர் ஒட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். பச்சைக் குழந்தையின் தோல் புண்ணாகிவிடும்.

அந்தக் கைக்குழந்தைக் காலம் கடந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் உங்களில் பெரும்பாலோரின் கவலை. காது ஏன் இப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும். காது மடலின் வெளி விளிம்புக்கு உள்ளே, அதை ஒட்டினாற்போல் இன்னொரு மேடு வளைந்து ஓடும். உங்கள் காதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். கருவில் காது உருவாகும்போது அந்த இடம் சரியாக மடியாமல் தட்டையாக நின்றுவிட்டாலோ, காதுத் துளையைச் சுற்றியுள்ள குழி மிக ஆழமாக அமைந்துவிட்டாலோ, மடல் முன்னே வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தலையின் பக்கவாட்டிலிருந்து காது விளிம்புக்கு உள்ள தூரம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை எடுப்பான காது என்பார்கள். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இருந்திருக்கும், குடும்பத்தில் வருவது சகஜம். கேட்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அறுவைக்குப் பிறகும் பிள்ளைக்கு முன்பு போலவேதான் கேட்கும். இது நோயே இல்லை. அப்படியே விட்டுவிட்டாலும் உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது.

அப்படியிருக்க, எதற்காகக் கத்தி? நியூயார்க்கில் எட்வர்ட் டால்பட் ஈலி என்ற மருத்துவர் 1881-ல் செய்ததைத்தான் தோற்றத்துக்காகச் செய்த முதல் காது அறுவையாக மருத்துவ வரலாறு சொல்கிறது. சிகிச்சைக்கு வந்தவன் 12 வயதுச் சிறுவன். சக பிள்ளைகளின் கேலிதான் காரணம். அன்றும் இன்றும் காரணம் மாறவில்லை. 2012-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு 14 வயதுச் சிறுமிக்கு, பள்ளியில் அவள் பட்ட கேலியைக் கேள்விப்பட்ட ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக அறுவை செய்து கொடுத்தது. அந்தச் செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. கேலி செய்தவர்களை விட்டுவிட்டுக் கேலிக்கு ஆளானவளைத் திருத்துவதா என்று பலர் கேட்டார்கள். என் மனதை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் வந்தது காதால். மருத்துவர்கள் காதோடு நிற்காமல் மூக்கையும் முகவாயையும் சேர்த்துத் திருத்தினார்கள். பிள்ளையின் வாயிலிருந்து என்ன வந்தது, பெரியவர்கள் என்ன சேர்த்தார்கள் என்பதை அதற்குப் பிறகு நான் எப்போதும் பிரித்துப் பார்க்கிறேன்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. இருபால் கூறுகளோடு பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாலின அறுவை செய்வதைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு, பெற்றோர் கொடுக்கும் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு தடை ஆணையும் போட்டது. காது அவ்வளவு கனமான விஷயம் இல்லை, ஒரு வாழ்க்கையையே அது தீர்மானிப்பதும் இல்லை. இருந்தாலும் உயிருக்கு ஆபத்து இல்லாத, தள்ளிப்போட முடிகிற ஓர் அறுவையில் அந்த உடம்புக்குரியவர் பேசும் வரை காத்திருக்கலாம் என்ற நியாயம் காதுக்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன்.

ஐந்து ஆறு வயதிலேயே செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். மருத்துவக் கணக்கில் அது சரி. அந்த வயதில் காது பெரியவர்களுடைய அளவில் ஏறக்குறைய 85 சதவீதத்தை எட்டிவிடும். குருத்தெலும்பும் இன்னும் இளக்கமாக இருக்கும். ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்குத் தன் காதைப் பற்றி ஓர் அபிப்பிராயமே இருக்காது. அபிப்பிராயம் நமக்குத்தான் இருக்கும். ஏழு, எட்டு, பத்து வயதில் பிள்ளை தானாகவே வந்து சொன்னால் அதைக் கேளுங்கள். தானே விரும்பிய பிள்ளைதான் அறுவைக்குப் பிறகு தலைக்கட்டைப் பிடுங்காமல் பொறுத்துக்கொள்ளும், ராத்திரி பட்டை மாட்டச் சொன்னால் மாட்டிக்கொள்ளும்.

கண்ணாடி முன்னால் நிறுத்தி “உன் காது இப்படி இருக்கே, சரி பண்ணிக்கலாமா?” என்று கேட்டுவிடாதீர்கள். அதுவரை இல்லாத குறையை நீங்களே நட்டு வைத்தவர்கள் ஆகிவிடுவீர்கள். பள்ளியில் எது பிடிக்கவில்லை, எதை மாற்ற முடிந்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகப் பேச்சுக் கொடுங்கள். பல பிள்ளைகள் காதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். உட்காரும் பெஞ்சைச் சொல்வார்கள், முறைத்துக்கொண்ட நண்பனைச் சொல்வார்கள், கணக்குப் பரீட்சையைச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு அறுவை வேண்டாம். அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் எத்தனை அபிப்பிராயம் இருந்தாலும் வேண்டாம். ஒரு பிள்ளை திரும்பத் திரும்பக் காதையே சொன்னால், புகைப்படத்துக்கு நிற்க மறுத்தால், நீச்சலுக்குப் போக மறுத்தால், வெயிலில் தொப்பியைக் கழற்றவே மறுத்தால், அது சின்ன விஷயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதோடு வகுப்பாசிரியரையும் போய்ப் பாருங்கள். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை ஓர் ஆசிரியர் நினைத்தால் ஒரு வாரத்தில் நிறுத்தலாம். சில வகுப்புகளில் ஆசிரியரே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன், அதைத் தலைமையாசிரியரிடம் புகார் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேலி நின்ற பிறகும் பிள்ளை கேட்டால் அது அவன் மனதிலிருந்து வருகிற விருப்பம்.

அறுவை எப்படி நடக்கும் என்பதைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடலாம். காதின் பின்புறம், தலையை ஒட்டிய மடிப்பில் கீறல் போடுவார்கள், அதனால் தழும்பு வெளியே தெரியாது. மடியாமல் விட்டுப்போன மடிப்பை உள்ளே கரையாத நூலால் தைத்து மடித்துவிடுவார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜாக் மஸ்டார்டே 1963-ல் எழுதிய முறை இது, இன்றும் பெரும்பாலோர் அதைத்தான் ஏதாவது ஒரு வகையில் பின்பற்றுகிறார்கள். குழி ஆழமாக இருந்தால் அதைப் பின்னுக்கு இழுத்துத் தலையெலும்பின் மேலுள்ள உறையோடு தைப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்கம், பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். ஒன்றிரண்டு மணி நேர வேலை. பிறகு சில நாட்கள் தலைக்கட்டு. அதை அவிழ்த்த பின், தூங்கும்போது காது மடங்காமலிருக்க நாலைந்து வாரங்கள் தலையில் பட்டை.

அறுவை முடிந்த பின் ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ராத்திரி என்றாலும் காத்திருக்காமல் உடனே கொண்டு போங்கள். கட்டியதை எடுக்காவிட்டால் குருத்தெலும்பு பாழாகிவிடும். சீழ் பிடித்தாலும் அப்படித்தான். இரண்டு காதும் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றாக இருக்காது. சிலருக்கு மடல் மறுபடியும் கொஞ்சம் முன்னே வரலாம், நூல் வெளியே துருத்தலாம், சில மாதம் மரத்துப்போய் இருக்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் தோலுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிலருக்குத் தழும்பு அடங்காமல் தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும். வெள்ளைத் தோல்காரர்களைவிட நம்மிடம் இது அதிகம். காது அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி நம் ஊரில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோமே, அந்தத் துளைகளைப் பாருங்கள். பிள்ளையின் காதில், அம்மாவின் காதில், அக்காவின் காதில், மூக்குத்தி குத்திய இடத்தில் உருண்டையாகத் தழும்பு தடித்திருந்தால் அதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, முன்னே வந்த காதைவிடப் பின்னே வளரும் தழும்பு பெரிய தொல்லையாகிவிடக்கூடும்.

அறுவைக்கு நாள் குறிக்கும்போது எல்லோரும் மே மாத விடுமுறையைத்தான் நினைப்பார்கள். கத்திரி வெயிலில் காதைச் சுற்றிக் கனமான கட்டோடு, வியர்வையில் அரிப்பெடுத்து, மின்சாரம் போன இரவில் ஒரு பிள்ளை தவிப்பதை நினைத்துப் பாருங்கள். அரையாண்டு விடுமுறையை ஒட்டிச் செய்து, கூடுதலாகச் சில நாட்கள் விடுப்பு எடுத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

யாரிடம் போவது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். சென்னையில் 2016-ல் முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2024 ஏப்ரலில் நம் பம்மலில், ஒரு தனியார் மருத்துவமனையில், எடையைக் குறைக்கும் அறுவைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அவருக்கு வயது 26. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அவை வேறு சிகிச்சைகள்தான். ஆனால் உயிருக்கு அவசரமில்லாத அறுவைக்கு ஆரோக்கியமாக நடந்து போன பிள்ளைகள் அவர்கள். முடி நடுதல் உள்ளிட்ட அழகு சிகிச்சைகள் பற்றி 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொள்வது போதிய பயிற்சி ஆகாது என்றே எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுத வேண்டிய நிலை வந்ததென்றால் நிலவரம் என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, அல்லது இந்த அறுவையில் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணரா என்று கேளுங்கள். அவருடைய பதிவை மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். மயக்க மருந்து நிபுணர் அறுவை முடியும்வரை கூடவே இருப்பாரா, மயக்கம் கொடுத்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவாரா என்று கேளுங்கள். ஏதாவது ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

பணம் இல்லாதவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. கடற்கரை போகும் மின்ரயிலில் ஏறினால் பார்க் ஸ்டேஷன் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. சேத்துப்பட்டில் இறங்கினால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அதிகத் தூரமில்லை. இரண்டிலும் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை உண்டு. தீக்காயமும் விபத்தும் அங்கே முன்னால் நிற்கும், நிற்கவும் வேண்டும். அதனால் உங்கள் முறைக்குக் காத்திருக்க நேரும். தனியாரிடம் போகிறவர்கள், மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான அறுவை பொதுவாக விலக்கப்பட்டிருப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அழகு அறுவைக்கு ஜிஎஸ்டி வரியும் உண்டு. பிறவிக் குறையைச் சீராக்கும் அறுவைக்கு அந்த வரி கிடையாது. உங்கள் பிள்ளையின் காது இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதை பில் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, அவருடைய குறிப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கடைசியாகக் கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் மகனுக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருக்கலாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். இத்தனை வருஷமும் முடியை இறக்கிவிட்டே காதை மறைத்து வந்தவர்கள், சொந்தச் சம்பளம் வந்த பிறகு ஒருநாள் மெல்லச் சொல்வார்கள். “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?” என்றுதான் நமக்குச் சட்டென்று வாயில் வரும். வர வேண்டாம். வளர்ந்தவருக்குக் குருத்தெலும்பு விறைத்திருப்பதால் மருத்துவருக்கு வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தடை எதுவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும் முன் முடித்துவிடு என்று மகளை அவசரப்படுத்துவதும் அதே அளவுக்குத் தப்பு. அவளுடைய முடிவுக்குக் கல்யாணத் தேதி கெடுவாக இருக்கக் கூடாது. அவர்களாகவே மருத்துவரைத் தேர்ந்தெடுக்கட்டும், அவர்களாகவே கேள்வி கேட்கட்டும். மரக்க வைத்துச் செய்வதால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விடுதியிலோ வாடகை அறையிலோ தனியாக இருக்கிற பிள்ளையாக இருந்தால் முதல் இரண்டு இரவுக்காவது நீங்கள் போய்த் துணைக்கு இருங்கள். தலைமாட்டை உயர்த்திப் படுக்க வையுங்கள். நடுராத்திரியில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று சொன்னால், விடியட்டும் என்று பார்க்காமல், மருத்துவர் கொடுத்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியை